ஒப்புகை கேட்ட நன்றி

(கடல் கடந்த வீரர் துணைச் சங்கத்தின் ஒன்பதாம் மாதக் கூட்டத்தில், சங்கத்தின் ஆவணக் காப்பாளர் ஆற்றிய உரை)

மேசை மணியின் மேல் ஒரு விரலை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர், மருந்துக்கடை அம்மா அவர்களே! ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே மனிதர், முன்னாள் பேருந்து ஓட்டுநர், ஊரே அன்போடு 'ஹார்ன்' என்று அழைக்கும் அருமைச் செயலாளர் தம்பி அவர்களே! பெற்ற பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, தபால்காரரின் மிதிவண்டிச் சத்தத்தில் உயிரை வைத்திருக்கும் தாய்மார்களே! அந்தச் சத்தம் தமக்கும் கேட்கிறது என்பதைக் காட்டிக்கொள்ளாத தந்தைமார்களே! கணவரின் கடிதத்தைத் தாழிட்ட அறையில் மூன்று முறை படித்துவிட்டு வெளியே வந்து, "ஒண்ணும் விசேஷமில்ல" என்று சொல்லும் தங்கைமார்களே! முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கதவோரம் நிற்கும் நண்பர்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்! கடைசியாக, கடைசி வரிசையில் இருக்கும் என் வீட்டம்மாவே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் குடிநீர் அலுவலகத்தின் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவன். அங்கே என்னோடு பேச ஆள் இல்லை. எலிகள் இருந்தன; அவையும் அதிகம் பேசுவதில்லை. ஆகவே எண் போட்டுக்கொண்டால்தான் எனக்குப் பேச்சு வரும். என் உரையின் அடைவை முதலிலேயே படித்துவிடுகிறேன்.

ஒன்று: கடல் கடந்து நிற்கும் நம் முப்பத்தெட்டு வீரர்களுக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?
இரண்டு: இந்த ஒன்பது மாதங்களில் சங்கம் செய்த பணி.
மூன்று: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒப்புகைக் கடிதம் வாங்கும் விதி ஏன் தொடர வேண்டும், ஏன் இரட்டிப்பாக வேண்டும் என்ற தீர்மானம்.
நான்கு: எனக்கு விளங்காத ஒரு செய்தி.
ஐந்து: நன்றியுரை.

இந்த எண் வரிசை நடுவில் தவறினால் இருமுவதாக என் வீட்டம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடமாக எனக்காக இருமி இருமியே அவருக்குத் தொண்டை கெட்டுவிட்டது. சிரிக்காதீர்கள், உண்மை.

முதலாவதற்கு வருகிறேன்.

ஏன் நன்றி சொல்ல வேண்டும்? பெரியோர்களே, நான் தெருவில் நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறவன். அவர்கள் போயிருக்கும் நாட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, அது எப்போது தொடங்கியது, யார் முதலில் அடித்தார்கள் என்று செய்தித்தாளை வெட்டி ஒட்டி ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. என் மண்டையில் மட்டும் ஏதும் ஏறவில்லை. இவர்கள் அங்கே நிற்பது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். இதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தெரியாததைத் தெரியும் என்று சொன்னால்தான் கோபிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று தெரியும். அவர்கள் புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வழியனுப்ப எனக்கு யாரும் இல்லை. ஊரே போகிறதே என்று போனேன். வண்டி பழுது பார்க்கும் தம்பி, அதோ அவருடைய மனைவி நான்காம் வரிசையில் இருக்கிறார், அவர் காலணி நாடாவைக் கட்டக் குனிந்தார். "ஐயா, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க" என்று முதுகுப் பையை என்னிடம் கொடுத்தார். பிடித்தேன். பிடித்தேன் என்றா சொன்னேன்? பை என்னைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தது! அவர் நாடாவைக் கட்டி முடித்து, ஒரு கையால் பையைத் தூக்கினார், மறு கையால் என்னைத் தூக்கினார். "பெரியவரே, பத்திரம்" என்றார். போகிறவர் அவர், பத்திரம் எனக்கு!

அந்தப் பையை அவர் ஒன்பது மாதமாகச் சுமக்கிறார். அரை நிமிடம் என்னால் சுமக்க முடியாததை ஒன்பது மாதம் சுமக்கிறவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா, வேண்டாமா? வெயிலில் நிற்கிறவருக்கு நிழலில் இருப்பவன் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? விழித்திருப்பவருக்கு உறங்குகிறவன் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

'வேண்டும்' என்கிறீர்கள். நல்லது. 'சத்தமாப் பேசுங்க' என்றும் ஒருவர் சொல்கிறார். செயலாளர் தம்பி, ஒலிபெருக்கியை என் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். நன்றி.

இரண்டாவது.

சங்கத்தின் பணி. மாதம் ஒரு பெட்டி; ஆளுக்கு ஒன்று; முப்பத்தெட்டு. சோப்பு, ஊசி, நூல், கால் புண்ணுக்குப் பொடி, கம்பளிக் காலுறை, மெழுகுவத்தி, எழுதுதாள். மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வரிசையாக நின்று கட்டுகிறோம். முதல் மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? தலைவரம்மா சோப்பையும் கால் பொடியையும் ஒரே தாளில் சுற்ற, நான், "அம்மா, பட்டியலில் அவை வேறு வேறு எண்" என்றேன். "ஐயா, சோப்புக்கும் பொடிக்கும் சண்டையா? ரெண்டும் ஒரே காலுக்குத்தானே போகுது?" என்றார். அப்போதும் நான் பிரித்துத்தான் கட்டினேன். நான் அப்படிப்பட்டவன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீரர்கள் இருக்கும் முகாமில் அலைபேசிக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், எழுத விடுவார்கள். எழுதியதையெல்லாம் கட்டாகக் கட்டிக் கப்பலில் ஏற்றுவார்கள். அந்தக் கட்டில்தான் உங்கள் வீடுகளுக்கு வரும் கடிதமும் வருகிறது, நம் சங்கத்துக்கு வரும் ஒப்புகைக் கடிதமும் வருகிறது.

ஆக, மூன்றாவது. இதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

ஒப்புகை என்றால் என்ன? பதிவேட்டு அறையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அனுப்பிய காகிதம் போய்ச் சேர்ந்தது என்று மறுகரையிலிருந்து கையெழுத்து வர வேண்டும். வராவிட்டால் அது அனுப்பப்படவே இல்லை! காகிதத்துக்கு உள்ள மரியாதை பெட்டிக்கு வேண்டாமா? சோப்புக்கு வேண்டாமா? நம் தாய்மார்கள் விரல் நோகப் பின்னிய காலுறைக்கு வேண்டாமா? அதனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் நானே ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: 'பெற்றுக்கொண்டவர் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பதில் எழுத வேண்டும்.'

எழுதினார்களா, இல்லையா? எழுதினார்கள்! ஒருவர் தவறவில்லை, ஒரு மாதம் தவறவில்லை. ஒன்பது மாதம், முப்பத்தெட்டுப் பேர், முந்நூற்று நாற்பத்திரண்டு கடிதங்கள்! நான் ஒவ்வொன்றையும், எழுதியவர் பெயரை விட்டுவிட்டு, தட்டச்சில் படியெடுத்துக் கொடுக்க, செயலாளர் தம்பி இந்த மேடையில் படிக்க, நீங்கள் கேட்டுக் கண்கலங்க, தெருமுனை வரை அவர் குரல் கேட்க... தெருமுனையில் இருக்கிற சலவைக்கடைக்காரர் ஆமாம் என்கிறார், பாருங்கள். மூலக் கடிதங்களை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. மூலம் கோப்பை விட்டு வெளியே போகக் கூடாது. அது இன்னொரு சட்டம். இன்றைக்கு மட்டும், இந்தத் தீர்மானத்துக்காக, அவற்றைக் கோப்புப் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த விதியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். யாரும் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்... எல்லோரும் திரும்பிவிட்டீர்கள். அம்மா, மன்னிக்க வேண்டும். எனக்கு ரகசியம் வராது.

சரி, தையற்கார அம்மாதான். வந்தவர் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே, "ஐயா, எல்லார் வீட்டுப் பசங்களும் சங்கத்துக்கு எழுதறாங்களே, என் பையனும் எழுதறானா?" என்றார்.

"ஏனம்மா, உங்களுக்கு எழுதுவதில்லையா?"

"நீங்க பதிவைப் பாருங்க, ஐயா."

பார்த்தேன். பெருமையோடு பார்த்தேன். முப்பத்தெட்டுப் பெயரில் இருபத்தாறாவது பெயர், எதிரே ஒன்பது கட்டம், ஒன்பதிலும் சரிக்குறி. "ஒரு மாதம்கூடத் தவறவில்லை அம்மா! மிகவும் ஒழுங்கான பிள்ளை!" என்றேன்.

அவர் அந்தச் சரிக்குறிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "அப்ப கை நல்லாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டார்.

கையில் அடிபட்டிருக்குமோ, அதனால்தான் எழுதவில்லையோ என்று ஒன்பது மாதமாக ஒரு நம்பிக்கையில் இருந்திருக்கிறார். இப்படியும் ஒரு நம்பிக்கை உண்டா? நான் அதையும் ஒரு சரிக்குறியால் அடித்துவிட்டேன். ஊரான் வீட்டுச் சோப்புக்கு ஒன்பது முறை நன்றி சொல்கிற பிள்ளை, பெற்றவளுக்கு ஒரு வரி எழுத மாட்டானா? இதுதான் எனக்கு விளங்காத செய்தி. இது நான்காவதில் வர வேண்டியது...

இருமல் கேட்டது. ஆமாம், வரிசை தவறிவிட்டேன். மூன்றாவதற்கே திரும்புகிறேன்.

இனி மாதத்துக்கு இரண்டு பெட்டி அனுப்பப் போகிறோம். ஆகவே மாதத்துக்கு இரண்டு ஒப்புகை. அதுதான் தீர்மானம். அதற்கு முன், இந்த ஒப்புகைகள் எப்படிப்பட்டவை என்று கண்ணாரப் பாருங்கள். இது காவல் பணியில் இருப்பவர் எழுதியது. இது சமையல் பணியில் இருப்பவர் எழுதியது. இது வண்டி பழுது பார்க்கும் தம்பி எழுதியது. பின்வரிசைக்குத் தெரிகிறதா? மூன்று பேர், மூன்று ஊழியம், மூன்று மனம், எழுத்து ஒன்று! வரி தொடங்கும்போது நேராகத் தொடங்குகிறது. முடியும்போது இடம் போதாமல் மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது, வளைவுப் பலகையில் எழுதியதுபோல. மூன்றிலும் அப்படியே! நான் முந்நூற்று நாற்பத்திரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன்: அத்தனையிலும் அப்படியே! ஐந்தாம் மாதமே கவனித்தேன். குழம்பினேன். பிறகு தெளிந்தேன். ஒழுக்கம், அன்பர்களே, ஒழுக்கம்! உடுப்பு ஒன்று, நடை ஒன்று, எழுத்தும் ஒன்று! உடம்புக்குச் சீருடை உண்டு என்று அறிவோம். எழுத்துக்கும் சீருடை அணிவித்த படை நம் படை அல்லவா!

கைதட்டலுக்கு நன்றி. எனக்கு இதுவரை யாரும் இப்படிக் கைதட்டியதில்லை.

ஆகவே தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம். பத்து, பதினைந்து... தையற்கார அம்மா, நீங்கள் எழுந்தே நிற்கிறீர்கள். கை தூக்கினால் போதும், அம்மா.

என்ன? சற்று உரக்க... "அந்தத் தாளைக் கிட்டக்க காட்டுங்க" என்கிறீர்களா? அம்மா, மூலம் கோப்பை விட்டு...

தலைவரம்மா மணி அடித்துவிட்டார். "ஐயா, குடுங்க" என்கிறார். சரி. செயலாளர் தம்பி, கொண்டுபோய்க் கொடுங்கள். ஓரத்தைப் பிடித்து. மூன்றையும்.

அமைதி. தயவுசெய்து அமைதி.

என்னம்மா?

அன்பர்களே, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். "மூணும் என் பையன் எழுத்து" என்கிறார்.

அம்மா, அப்படி இருக்க முடியாது. கீழே கையொப்பம் பாருங்கள், வேறு வேறு பெயர்... "பேரைப் பார்க்காதீங்க, வரியைப் பாருங்க. கடைப்பலகை எழுதினவன், வளைச்சு வளைச்சு எழுதிப் பழகிட்டான். வீட்டுப் பால் கணக்கைக்கூட இப்படித்தான் ஏத்தி எழுதுவான்" என்கிறார்.

படைக்குப் போகும் முன் அவர் மகன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மருந்துக்கடைப் பலகையே அவர் எழுதியதுதான். அதன் கீழேதான் ஒன்பது மாதமாகப் பெட்டி கட்டுகிறோம்.

நான்காம் வரிசையில் யார் சிரிப்பது? வண்டி பழுது பார்க்கும் தம்பியின் மனைவியா? என்னம்மா? "எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடறதுக்கே நாக்கு வெளிய வந்துடும், ஐயா. இம்புட்டு அழகா எழுதியிருந்தா நான் ஏன் அந்த ஆளோட சண்டை போடப் போறேன்? எனக்கு வர்ற கடிதம் கோழி கிளறின மாதிரி இருக்கும்!"

உங்களுக்குக் கடிதம் வருகிறதா அம்மா? வருகிறது. எப்போது? "வாரா வாரம்."

சமையல் பணியாளரின் தந்தை இருக்கிறாரா? உங்களுக்கு? வாரா வாரம். காவல் பணியில் இருப்பவரின் அக்கா? வாரா வாரம். கடிதம் வருகிற வீட்டார் கையைத் தூக்குங்கள்.

இது தீர்மானத்துக்கு அல்ல. சும்மா தூக்குங்கள்.

முப்பத்தேழு வீட்டுக் கை தூக்கியிருக்கிறது. ஒரு வீட்டுக் கை தூக்கவில்லை.

அன்பர்களே, எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.  எனக்குத் தெரிந்தது கணக்குப் போடுவதுதான், போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம். மாதத்துக்கு நான்கு மணி நேரம். இருநூற்று நாற்பது நிமிடம். முப்பத்தெட்டுக் கடிதம். ஒரு கடிதத்துக்கு ஆறு நிமிடம், கொஞ்சம் கூட. ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்று நான் சீட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம். மிச்சம்...

மிச்சம் இல்லை.

மிச்சம் இல்லை, அன்பர்களே! எல்லோரும் தங்கள் சங்கக் கடிதத்தை அந்த ஒருவரிடம் தள்ளிவிட்டு, தங்கள் ஒரு மணி நேரத்தில் தங்கள் வீட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். அவரோ தம் மணி நேரம் முழுவதையும் நமக்கு எழுதியிருக்கிறார். நாம் இங்கே கேட்டுக் கைதட்டினோம். மூன்றாம் வரிசையில் அந்தத் தாயும் உட்கார்ந்து கேட்டார். மகன் எழுதிய முந்நூற்று நாற்பத்திரண்டு கடிதங்களை, அவை தன் மகன் எழுதியவை என்று தெரியாமலே, ஹார்ன் தம்பியின் குரலில் கேட்டார். நானோ ஒவ்வொன்றையும் என் கையால் துளையிட்டு, நூல் கோத்து, கோப்பில் கட்டினேன். கண்ணிருந்தும் குருடன் என்பார்களே, அது நான்தான். குருடனாவது ஒழுக்கம் என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டிருக்க மாட்டான்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. ஒரு ஞாயிறாவது 'இன்றைக்கு முடியாது, அம்மாவுக்கு எழுத வேண்டும்' என்று அவர் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை?

பொறுங்கள். நான்காம் மாதம். சமையல் பணியாளர் பெயரில் வந்த கடிதம். அதில் ஒரு வரி உண்டு. எண் எனக்கு நினைவிருக்கிறது... நூற்று முப்பத்தொன்று. இதோ. 'எங்களில் ஒருவருக்கு வீட்டுக்கு எழுத வேண்டியதில்லையாம். ஆகவே அவர் நேரத்தை எங்களுக்குத் தருகிறார். அவர் புண்ணியத்தில் நாங்கள் வீட்டோடு பேசுகிறோம்.' இதை இந்த மேடையில் படித்தோம். யாரோ பெற்றோர் இல்லாத பிள்ளை போலும் என்று நான் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகூட எழுதியிருக்கிறேன்.

எழுத வேண்டியதில்லை என்று யார் சொன்னார்கள்?

அம்மா... அம்மா, உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள் யாராவது.

என்னம்மா? இதை நான் எல்லோருக்கும் கேட்கச் சொல்லவா? வேண்டாமா? "சொல்லுங்க, ஐயா. மறைச்சு மறைச்சுத்தான் ஒன்பது மாசம் போச்சு" என்கிறார்.

பேருந்து நிலையத்தில் அவர் சொன்னாராம்: "என் பேச்சைக் கேக்காமப் போறே இல்ல? போ. போற இடத்துலேருந்து எனக்கு ஒரு வரி எழுதாதே. எழுதினா பிரிக்க மாட்டேன்." பெற்ற வயிறு எரிந்து சொன்ன வார்த்தை. பேருந்து தெரு திரும்புவதற்குள்ளேயே அவர் மனம் மாறிவிட்டது. ஆனால் பேருந்து போய்விட்டதே! அதற்குப் பிறகு, 'அவன் முதலில் எழுதட்டும்' என்று இவர். 'அம்மா எழுதாதே என்றாரே' என்று அவர். இடையில் ஒரு கடல்.

அந்தக் கடலுக்கு நடுவில் நான் ஒரு சீட்டு வைத்தேன்.

அன்பர்களே, இப்போது குற்றம் யாருடையது? கோபத்தில் சொன்ன தாயுடையதா? சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட மகனுடையதா? தங்கள் வேலையை அவர் தலையில் கட்டிய தோழர்களுடையதா? அவர்கள் செய்தது தவறென்றால், அந்தத் தவறால்தான் முப்பத்தேழு வீடுகளுக்கு வாரா வாரம் கடிதம் வந்தது. உங்களில் யார் அவர்களைத் திட்டுவீர்கள்? எனக்குத் தெரியவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல ஏறவில்லை. தீர்மானம் சொல்ல ஏறினேன். அதுவும் இப்போது கையில் இல்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அவருக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றில்லை. எழுதாமல் இருக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்தச் சாக்கை மாதத்துக்கு முப்பத்தெட்டாகக் கொடுத்தவன் நான். இன்றைக்கு எழுபத்தாறாக்க வந்தேன்!

நன்றி சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். சொன்னோமா? யோசித்துப் பாருங்கள். சோப்புக் கொடுத்தோம், பதில் கேட்டோம். காலுறை கொடுத்தோம், ஒரு பக்கத்துக்குக் குறையாமல் கேட்டோம். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாம், சொன்னவர்கள் அவர்கள்! வெயிலில் நிற்கிறவர் நிழலில் இருப்பவனுக்கு நன்றி எழுதினார்! விழித்திருப்பவர் உறங்குகிறவனுக்கு நன்றி எழுதினார்! பையைச் சுமந்தவர், சுமக்க முடியாமல் உட்கார்ந்தவனுக்கு நன்றி எழுதினார்! அவர்களுக்கு வாரம் முழுவதிலும் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு மணி நேரம். அதையும் நாம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு ஆதரவு என்று பெயர் வைத்தோம்! ஒப்புகை கேட்கிற நன்றி நன்றியா, அன்பர்களே? திரும்பி வர வேண்டும் என்று கொடுப்பது கொடையா, கடனா?

கைதட்ட வேண்டாம். கேளுங்கள்.

என்ன, தையற்கார அம்மா? தாளா? மகனுக்கு எழுதவா? பெட்டிகள் நாளைக் காலைக் கப்பலுக்கு. அட்டையெல்லாம் ஒட்டி முடித்தாயிற்று... அதனால் என்ன? இருபத்தாறாவது பெட்டியை நானே பிரிக்கிறேன். தாள் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையா? முப்பத்தெட்டுப் பெட்டியிலும் எழுதுதாளைப் போட்டு மூடிவிட்டு, மன்றத்தில் ஒரு தாள் இல்லை. நல்ல சங்கம்!

என் உரைத்தாள் இருக்கிறது. பின்பக்கம் வெறுமைதான். இதோ நான்காவது, ஐந்தாவது பக்கங்கள். வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. பேனாவும். மேடை ஓரத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள்.

கேட்கிறீர்களா, என்ன எழுதுவது என்றா? அம்மா, அது எனக்குத் தெரியாது. எண் போடாமல் எழுதுங்கள், அது போதும்.

செயலாளர் தம்பி ஏதோ கேட்கிறார். மெதுவாகக் கேட்டதாக நினைத்துக் கேட்கிறார்: "அண்ணே, ஒப்புகை வேணாம்னா பெட்டி போய்ச் சேர்ந்துச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது, தம்பி.

முப்பத்து நான்கு வருடம் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றுதான் சம்பளம் வாங்கினேன். இன்று சொல்கிறேன்: தெரியாது. கடலில் போகும். போய்ச் சேரலாம், சேராமலும் இருக்கலாம். சோப்பு யார் கைக்குப் போனது, காலுறை யார் காலுக்குப் போனது, தெரியாது. அவர்கள் ஏன் போனார்கள் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. எப்போது வருவார்கள் என்பதும் தெரியாது. தெரியாமலே அனுப்புவோம்! அடுத்த மாதமும் அனுப்புவோம்! பதிவேட்டில் சரிக்குறி இல்லாத வெறும் கட்டங்களாகவே நிரம்பட்டும். அந்த வெறும் கட்டம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் வீட்டுக்கு எழுதிய ஒரு மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொள்கிறேன்.

பெட்டிகளில் உள்ள என் பழைய சீட்டுகளை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வரி வைப்போம்: 'எங்களுக்குப் பதில் வேண்டாம், வீட்டுக்கு எழுதுங்கள்.' இதற்கு வாக்கெடுப்பு வேண்டுமா, தலைவரம்மா? வேண்டாம் என்கிறார். "எல்லாரும் கடைக்கு வாங்க, முப்பத்தெட்டையும் பிரிப்போம்" என்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு இந்தக் கடிதம் போய்ச் சேருமா, சேர்ந்தால் பிரிப்பாரா, பிரித்தால் பதில் எழுதுவாரா? எனக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கும் தெரியாது. தெரியாமலேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்; பாருங்கள், முதல் பக்கத்தைத் தாண்டிவிட்டார்.

என் உரையின் நான்காவதும் ஐந்தாவதும் அவர் கையில் இருப்பதால், நன்றியுரையை நினைவிலிருந்து சொல்கிறேன். தலைமை ஏற்று, சரியான நேரத்தில் மணி அடித்த அம்மாவுக்கு நன்றி. செயலாளர் தம்பிக்கு நன்றி. கை தூக்கிய முப்பத்தேழு வீட்டாருக்கும், தூக்காத ஒரு வீட்டாருக்கும் நன்றி. இருமிய என் வீட்டம்மாவுக்கு நன்றி. கடல் கடந்து நிற்கும் முப்பத்தெட்டு வீரர்களுக்கும், பதில் எதிர்பார்க்காத நன்றி, முதல் முறையாக.

எல்லோருக்கும் வணக்கம். இறங்கும் முன் ஒரு திருத்தத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்: என் உரையில் எண் மூன்று தவறு.